எட்டாம் இலக்கச் சட்டை

எல்வியோ திமிர் பிடித்தவன் என்று போன மாதம் ஒரு ஜெர்மன் பத்திரிகை எழுதியிருந்தது. அவன் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றதையொட்டி வந்த பாராட்டுக் கட்டுரைதான். முழுப் பக்கம். தென்னமெரிக்காவின் மிகச் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர்களில் ஒருவன், இரண்டு கால்களாலும் ஒரே மாதிரிப் பந்து கடத்தக்கூடியவன், பராகுவே நாட்டு அணிக்குத் தலைவனாக இருந்தவன் என்றெல்லாம் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். கடைசியில் ஒரு பந்தியில் அந்தச் சட்டை விஷயம். படுதோல்வி அடைந்த நாளில் சக ஆட்டக்காரர்கள் எல்லாரும் இரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்டபோது இவன் மட்டும் திமிரோடு மறுத்தான் என்று இருந்தது.

அந்த நாளில் நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றவன். எழுதியவர் நிற்கவில்லை. ஆகவே இதை நான் எழுதுகிறேன்.

என் பெயர் சிவநேசன். ரைன் நதிக்கரையில் உள்ள ஓர் உதைபந்தாட்டக் கழகத்தில் உடுப்புப் பொறுப்பாளனாக வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆட்டக்காரர்களின் சட்டை, களிசான், காலுறை, சப்பாத்து, மழைக்கோட்டு எல்லாம் எங்கள் கையில்தான் இருக்கும். கொலோனில் தமிழ்ச் சங்க விழாக்களில் "அண்ணைக்கு என்ன வேலை?" என்று கேட்பவர்களிடம் "உடுப்புத் தோய்க்கிறன்" என்றுதான் சொல்வேன். சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். எந்தக் கழகம் என்று பிறகு கேள்விப்பட்டுத் திரும்பி வருவார்கள், நுழைவுச் சீட்டுக் கேட்பதற்கு.

வேலை பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அகதியாக வந்தேன். ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது, இரத்தக் கறையை எப்படி எடுப்பது என்று அங்கே பழகினேன். கழகத்துக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது, அங்கே தலைமைப் பொறுப்பாளராக இருந்த கெர்ஸ்டன் என்னை ஏற இறங்கப் பார்த்து, சேறு பிரண்ட சட்டை ஒன்றைக் கையில் தந்தார். "தோய்ச்சுக் காட்டும்" என்றார். காட்டினேன். முகர்ந்து பார்த்தார். "பாஸ்ட்" என்றார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவருக்குக் கீழ் வேலை செய்த காலம் முழுவதும் அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

கெர்ஸ்டன் பெரிய உருவம். கதவுக்குள் நுழையும்போது தலையைக் குனிவார், குனியத் தேவையில்லாத கதவிலும் குனிவார். இடுப்பில் எந்நேரமும் ஒரு திறப்புக் கோர்வை, பெரிய சாவிக்கொத்து, தொங்கும். அவர் வருவது அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிடும், அதற்குள் நாங்கள் வானொலியைக் குறைத்துவிடுவோம். கத்தமாட்டார். பிழை கண்டால் அந்தச் சட்டையை எடுத்து நமக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று நாம்தான் தேடிப் பிடிக்கவேண்டும். அவர் பேசியது ரைன்கரை ஜெர்மன். என் நினைவில் மட்டும் அவர் யாழ்ப்பாணத்தான் மாதிரித்தான் கதைக்கிறார். அதற்கு நான் என்ன செய்ய.

எங்கள் வேலை முறை இதுதான். ஆட்டத்துக்கு ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டை. ஒன்றை, ஆட்டக்காரர்கள் வருவதற்கு முன்னமே அவரவர் இடத்தில் இலக்கம் வெளியே தெரியும்படி கொழுவி வைப்போம். உள்ளே வருகிறவன் முதலில் தன் இலக்கத்தைக் காணவேண்டும் என்பது கெர்ஸ்டனின் எண்ணம். மற்றது அலுமினியப் பெட்டிக்குள் பூட்டியிருக்கும், கிழிந்தாலோ இரத்தம் பட்டாலோ எடுப்பதற்கு. பெட்டிக்கு இரண்டு திறப்பு. ஒன்று அவரிடம், ஒன்று என்னிடம். ஆட்டம் முடிந்ததும் ஊத்தை உடுப்புக் கூடையோடு உடுப்பு மாற்றும் அறையின் மூலையில் போய் நிற்போம். அங்கே நிற்பதற்கும் ஒரு முறை இருந்தது.

"சட்டையைக் கேட்டு வாங்கக்கூடாது," என்று முதல் வாரமே சொன்னார். "அவன் தானாக் கழட்டிப் போடவேணும். அதுவரைக்கும் நில்லும்."

"நேரம் போகுமே," என்றேன்.

"போகட்டும். தோத்துப்போய் இருக்கிறவனிட்டைப் போய்ச் சட்டையைத் தா எண்டு கேக்கிறது மரியாதை இல்லை."

தோற்ற நாட்களில் சிலர் சட்டையோடு வாங்குப் பலகையில் நெடுநேரம் இருப்பார்கள். மற்றவர்கள் குளித்து உடுத்துப் பேருந்தில் ஏறிய பிறகும் இருப்பார்கள். கூடையை வைத்துக்கொண்டு நாங்களும் நிற்போம். தொடக்கத்தில் எனக்கு விசர் பிடித்தது. பிறகு பழகிவிட்டது. அதற்கும் பிறகு, அப்படித்தான் செய்யவேண்டும் என்றே எனக்கும் பட்டது.

எல்வியோ ஒரு ஜனவரியில் வந்து சேர்ந்தான். இருபது வயது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது, இவன் மாட்டுக் கொம்பில் செய்த ஒரு குவளைக்குள் ஏதோ இலைத்தூளைப் போட்டு, ஐஸ் தண்ணீரை ஊற்றி, இரும்புக் குழாயால் உறிஞ்சிக்கொண்டு எங்கள் சலவை அறை வாசலில் நிற்கிறான். இது என்ன கோலம் என்று நினைத்தேன்.

"இதைச் சூடாக் குடிக்கிறேல்லையோ?" என்று கேட்டேன்.

"சூடு விடியக்காலமை. இப்ப பகல்தானே," என்றான்.

குளிருக்கு ஒதுங்கத்தான் எங்கள் அறைக்கு வந்தான். அங்கே உலர்த்தும் இயந்திரங்களின் சூடு இருந்தது. பிறகு அதுவே அவனுக்கு இருப்பிடமாகிவிட்டது. தாயோடு தொலைபேசியில் பேசுவதும் அங்கேதான். ஸ்பானிஷ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லையாம், குவாரனி என்ற அவர்களுடைய மொழியாம். எனக்கும் அவனுக்கும் ஜெர்மன் இரவல். பிழை பிழையாக, வெட்கமில்லாமல் கதைப்போம். சட்டையின் கழுத்துக்குப் பின்னால் தைத்திருக்கும் துணித்துண்டை வெட்டித் தரச் சொல்லிக் கேட்பான், அது உறுத்துமாம். சந்தைக்கு வந்த விலைமாடு மாதிரி உடம்பில் பெயர்த்துண்டு எதற்கு என்பான். நான் வெட்டிக் கொடுப்பேன்.

முதல் வருடம் பெரும்பாலும் வெளியே வாங்கில்தான் இருந்தான். பயிற்றுநருக்கு அவன் வேகம் போதாது. "நான் ஓடுறது குறைவுதான்," என்று என்னிடம் சொன்னான், "ஆனா பிழையான பக்கம் ஓடுறேல்லை." இரண்டாம் வருடம் ஒருவனுக்குக் கால் முறிந்ததில் இவனை இறக்கினார்கள். அதன்பிறகு வெளியே எடுக்க முடியவில்லை. அவன் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது கோல் அல்ல. அணிக்கு ஆட்டம் கைவிட்டுப் போகும் நேரத்தில் மற்றவர்கள் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார்கள், பந்து தங்களிடம் வந்துவிடக் கூடாது என்று. இவன் பந்து வைத்திருப்பவனிடம் நடந்து போவான். தன் காலடியைக் கையால் காட்டி, இங்கே தா என்பான். எனக்கு விளையாட்டைப் பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் அது தைரியம் என்று தெரியும்.

நான்காம் வருடம் நகரத்தில் பாதிப் பிள்ளைகள் எட்டாம் இலக்கச் சட்டை போட்டுத் திரிந்தார்கள். தெற்குப் பக்கத்தில் இரசிகர்கள் நின்று பார்க்கும் மேடையில் அவன் பெயரை வைத்துப் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அதே மேடைதான், அதே ஆட்கள்தான், அதை மறக்கவேண்டாம்.

ஐந்தாம் வருடம் எல்லாம் சரிந்தது. பயிற்றுநர் மாறினார், இன்னொருவர் வந்தார், அணி பட்டியலின் அடியில் கிடந்தது. பங்குனி மாதம், பக்கத்து நகரத்துக் கழகத்தோடு அவர்களுடைய மைதானத்தில் ஆட்டம். காலங்காலமாகப் பகையாளிகள். ஐந்து கோல் வாங்கினோம், ஒன்றும் போடவில்லை.

ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வென்றாலும் தோற்றாலும் அணி தன் இரசிகர்கள் நிற்கும் மூலைக்குப் போகவேண்டும். வென்றால் கைகோத்து ஆடுவார்கள். தோற்றால் தலையைக் குனிந்து நின்று வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். நல்ல வழக்கம்தான். மழையிலும் குளிரிலும் தூரம் பார்க்காமல் பின்னால் வருகிற சனம், இரண்டு வார்த்தை திட்ட அவர்களுக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அன்றைக்குத் திட்டவில்லை. வேலியின் மேல் ஏறியிருந்த எங்கள் இரசிகர்களின் தலைவன் ஒலிபெருக்கியில் சொன்னான்: "சட்டையைக் கழட்டுங்கோ. இந்தச் சட்டை போட உங்களுக்கு அருகதை இல்லை. கழட்டிக் கீழை வையுங்கோ."

குளிர்ச் சட்டைகளைச் சேர்த்து எடுக்க நானும் அந்த மூலைக்குப் போயிருந்தேன். எல்லாவற்றையும் கண்ணால் கண்டேன். முதலில் அணித்தலைவன் கழற்றினான். அழுதுகொண்டு கழற்றினான். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக. காலையில் நானும் கெர்ஸ்டனும் ஒவ்வொன்றாகக் கொழுவி வைத்த சட்டைகள் வேலியடியில் குப்பை மாதிரிக் குவிந்து கிடந்தன. வெறும் மேலோடு அந்தக் குளிரில் அவர்கள் தலைகுனிந்து நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நாங்கள் இரண்டாம் தரத்துக்கு இறங்கினோம். அழுது கழற்றியவர்களில் பலர் அந்தக் கோடையிலேயே வேறு கழகங்களுக்குப் போய்விட்டார்கள். எல்வியோ இரண்டாம் தரத்திலும் நின்று விளையாடினான். திரும்ப எங்களை மேலே ஏற்றிவிட்ட பிறகுதான் ஸ்பெயினுக்குப் போனான். பத்திரிகையில் இது இல்லை.

அன்றைக்கு எல்வியோ மட்டும் கழற்றவில்லை. வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். பியர்க் குவளைகள் வந்து விழுந்தன. கொஞ்ச நேரத்தில் திரும்பி, சட்டையோடு நடந்து உள்ளே போனான்.

உடுப்பு மாற்றும் அறைக்கு நானும் பின்னால் போனேன். கழகத்தின் விளையாட்டுப் பணிப்பாளர் உள்ளே வந்தார். முன்னாள் ஆட்டக்காரர், தோளில் கைபோட்டுப் பேசுகிறவர், எல்லாரையும் நீ என்றே அழைப்பவர். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்குப் பயந்துபோயிருந்தார்.

"பேருந்து போற வாசலை மறிச்சு நிக்கிறாங்கள்," என்றார். "எட்டு வரேல்லையாம். எட்டாம் இலக்கம் வந்தால்தான் விடுவாங்களாம். எல்வியோ, குடுத்திடு. ஒரு சட்டை."

"குடுக்கேலாது," என்றான்.

"எனக்கு வீட்டில சின்னப் பிள்ளையள்," என்றான் கோல்காப்பாளன். "உன்ரை வீம்புக்கு நாங்கள் கல்லெறி வாங்கவோ?"

எல்வியோ அவனைத் திரும்பிப் பார்த்தான். கோபப்படவில்லை. "இதை எனக்குத் தந்தது அவங்கள் இல்லை," என்று பணிப்பாளரிடம் சொன்னான். மூலையில் கூடையோடு நின்ற என்னைக் கையால் காட்டினான். "சிவாதான் காலமை கொழுவி வைச்சவன். சிவா கேக்கட்டும். குடுக்கிறன்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பணிப்பாளரின் முகம் தெளிந்துவிட்டது.

"பேந்தென்ன? சிவா, கேள். உன்ரை வேலைதானே அது. எப்பிடியும் இப்ப வாங்கத்தானே போறாய்."

உண்மைதான். ஆட்டம் முடிந்தால் சட்டை சேர்ப்பது என் வேலை. ஒரு சொல் சொன்னால் போதும், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம். நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஏன் என்று இன்றைக்குச் சொல்கிறேன், அன்றைக்கு யாருக்கும் சொல்லவில்லை. எனக்குப் பத்தொன்பது வயதிருக்கும்போது ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் பேருந்திலிருந்து இறக்கினார்கள். இளம் பெடியன்களை மட்டும் வெயிலில் வரிசையாக நிறுத்தினார்கள். துவக்கோடு நின்ற ஆமிக்காரன் சட்டையைக் கழற்று என்றான். துவக்குத் தூக்கித் தோளில் காய்ப்பு இருக்கிறதா, உடம்பில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க. கழற்றினோம். பேருந்துச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. அடிக்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை, பார்த்துவிட்டுப் போ என்றார்கள். கழற்றச் சொன்னவன் எதையோ மென்றுகொண்டே சொன்னான். அந்த வாய் அசைந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. எனக்கு அந்தக் கோபம் இன்றுவரை போகவில்லை. போகவேண்டிய தேவையும் இல்லை.

"நான் கேக்கிறேல்லை," என்றேன்.

"என்ன?"

"இவர் தானாக் கழட்டினால் தோய்க்கிறதுக்கு வாங்குவன். ஆரும் கேட்டதுக்காக வாங்கித் தரமாட்டன்."

அறையில் யாரோ ஜெர்மனில் கெட்ட வார்த்தை சொன்னார்கள். எனக்குத்தான். பணிப்பாளர் என் தோளில் கை வைத்து என்னை நடைவழிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அலுமினியப் பெட்டி அங்கேதான் இருந்தது.

"சரி, அவனை விடு," என்றார் மெதுவாக. "பெட்டிக்குள்ளை இரண்டாவது எட்டு இருக்குத்தானே? அதைத் தா. நான் கொண்டுபோய்ப் போடுறன். ஊத்தையாக்கிப்போட்டுக் குடுத்தால் ஆருக்குத் தெரியும்? அவனும் குடுத்த மாதிரி, நாங்களும் போன மாதிரி."

அவருக்கு அது கெட்டித்தனமான யோசனை. எனக்கு அது முதல் கேட்டதைவிட மோசமாகப் பட்டது. எல்வியோ கழற்றிவிட்டான் என்று அவன் கழற்றாமலே ஊரெல்லாம் பேசும். பிறகு வாழ்நாள் முழுக்க அவன் இல்லை என்று சொன்னாலும் யார் நம்பப் போகிறார்கள். நான் பெட்டியைத் திறக்கவில்லை. அதன்மேல் ஏறி இருந்தேன். ஐம்பது வயதுக் கிழவன், கால் நிலத்தில் முட்டாமல், பெட்டிக்கு மேல். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை.

"இறங்கு," என்றார்.

"ஏலாது."

அந்த நேரத்தில் திறப்புச் சத்தம் கேட்டது. பேருந்தில் சாமான் ஏற்றப் போயிருந்த கெர்ஸ்டன் வந்தார். பணிப்பாளர் அவரிடம் பாய்ந்தார். நடந்ததை இரண்டு வார்த்தையில் சொல்லி, "உம்மடை திறப்பைத் தாரும்," என்றார்.

கெர்ஸ்டன் என்னைப் பார்த்தார். நான் இருந்த கோலத்தைப் பார்த்தார். அந்தக் கழகத்தில் மேலிடம் சொன்னதை அவர் மறுத்து நான் அதற்கு முன் கண்டதில்லை. திறப்பைக் கொடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"திறப்பு சிவாவிட்டை," என்றார்.

"இடுப்பிலை தொங்கிறது என்ன?"

"அது வீட்டுத் திறப்பு."

அவ்வளவு திறப்புக்கும் எத்தனை வீடு வேண்டும் என்று பணிப்பாளர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். பொலிஸ்காரர் வந்து பின்பக்கத்து வாசல் ஒன்றைத் திறந்துவிட்டு எங்கள் பேருந்தை அனுப்பினார்கள். முட்டை எறிந்தார்கள், கல்லெறியவில்லை. பேருந்தில் கெர்ஸ்டன் முதல் தடவையாக எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தார். பாண் துண்டொன்றைப் பிய்த்துப் பாதியைத் தந்தார். வீடு வரும்வரை பேசவில்லை.

வீட்டில் என் மனைவி பவானி பேசினாள்.

"உங்களுக்கென்ன விசரே? அவன் நாளைக்கு இன்னொரு நாட்டுக்குப் போயிடுவான். அவன்ரை சட்டைக்கு நீங்கள் ஏன் பெட்டியிலை ஏறி இருக்கிறியள்? பிள்ளையள் படிக்கினம், யோசிச்சனீங்களே?"

அப்போதுதான் அவளிடம் அந்தச் சாவடிக் கதையைச் சொன்னேன். கலியாணம் முடித்து அவ்வளவு காலம் சொல்லாத கதை. அவள் கோப்பைகளைக் கழுவி முடித்தாள். கையைத் துடைத்தாள்.

"எங்கடை பெரியண்ணாவும் அப்பிடிக் கழட்டினவர்தான்," என்றாள். "நாங்கள் பஸ்ஸுக்குள்ளை இருந்து பாத்தனாங்கள்." கோப்பைகளை அடுக்கிக்கொண்டே, "மன்னிப்பு மட்டும் கேட்டுப்போடாதேங்கோ," என்றாள்.

திங்கட்கிழமை பணிப்பாளரின் அறையில் எனக்கும் கெர்ஸ்டனுக்கும் டெர்மின், வரச்சொல்லி நேரம் குறித்திருந்தார்கள். அவர் அமைதியாகத்தான் பேசினார். இரசிகர்களோடு கதைத்து முடித்துவிட்டாராம். சனிக்கிழமை சொந்த மைதானத்தில் ஆட்டம் முடிந்ததும் எல்வியோ வேலியடிக்குப் போய், எல்லாரும் பார்க்கச் சட்டையைக் கழற்றிக் கொடுப்பான். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"நீ அவனிட்டைச் சொல்," என்றார் என்னிடம். "உன்ரை சொல்லைக் கேப்பான்."

"சொல்லாட்டி?"

"அவனை இனி இறக்கேலாது. கோடை வரைக்கும் வாங்கிலைதான் இருப்பான், பேந்து வேறை கழகத்துக்கு விப்பம். உன்னையும் இஞ்சை வைச்சிருக்கேலாது, சிவா. எனக்கும் விருப்பமில்லை. சனிக்கிழமை தெரியும்."

கெர்ஸ்டன் கதிரையைப் பின்னால் தள்ளினார். எழும்பினார். "சனிக்கிழமை வரைக்கும் சட்டை கொழுவுறது இவர்தானே?" என்று கேட்டார்.

"ஓம்."

"பாஸ்ட்," என்று சொல்லி, கதவில் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார்.

நான் எல்வியோவிடம் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவனே கொம்புக் குவளையோடு சலவை அறைக்கு வந்தான். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நாளைக்குக் குடுக்கிறன், சிவா," என்றான்.

"ஏன்?"

"நான் குடுக்காட்டி உனக்கு வேலை போகுமாம்."

"ஆர் சொன்னது?"

"கெர்ஸ்டன்."

"கெர்ஸ்டன் வாய் திறந்தவரோ?"

"ஓம். நிறையக் கதைச்சார். ரெண்டு வசனம்." சிரிக்கவில்லை. "எனக்கு வேறை கழகம் கிடைக்கும். உனக்கு? ஒரு துணிதானே. கழட்டிக் குடுத்திட்டுப் போறன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் மேல் இல்லை. இந்தப் பெடியனை இப்படிச் சொல்லவைத்துவிட்டார்களே என்று.

"எனக்கும் வேலை கிடைக்கும்," என்றேன். "ஊத்தை உடுப்பில்லாத ஊர் எங்கை இருக்கு? நீ உனக்காகக் கழட்டுறதெண்டால் கழட்டு, நான் ஒண்டும் சொல்லேல்லை. எனக்காகக் கழட்டினாயெண்டால் நான் அண்டைக்கே வேலையை விட்டிடுவன். உன்ரை சட்டையை ஆரும் கொழுவட்டும்."

அவன் குழாயை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். "என்ரை அம்மா மாதிரிக் கதைக்கிறாய்," என்றான். கழுத்துத் துண்டை மறக்காமல் வெட்டிவை என்று சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை பின்னேரம் அவனை ஆட்டத்தில் இறக்கினார்கள். இறக்காமல் இருக்க அணியில் வேறு ஆள் இல்லை, அதுதான் உண்மை. முதல் தடவை அவன் காலில் பந்து பட்டதும் தெற்கு மேடை முழுக்க வெறுப்பைக் காட்டிச் சீட்டி அடித்தது. சொந்த மைதானத்தில் சொந்தச் சனம். இரண்டாம் தடவையும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். பின்கள ஆட்டக்காரர்கள் அவனுக்குப் பந்து கொடுக்கப் பயந்தார்கள், கொடுத்தால் தங்களுக்கும் சீட்டி விழுமோ என்று. அவன் அவர்களிடம் நடந்து போனான். காலடியைக் காட்டி, இங்கே தா என்றான். தராதவனின் காலிலிருந்து எடுத்துக்கொண்டு போனான். அன்றைக்கு அவன் காலில் பட்ட அளவு பந்து வேறு எந்த ஆட்டத்திலும் பட்டிருக்காது. கோல் போட்டான், மேடை கைதட்டியது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. யாருக்கும் கோல் இல்லாமல் ஆட்டம் முடிந்தது.

அணி வழக்கப்படி மேடைக்குப் போனது. போன கிழமை கழற்றியவர்களுக்குக் கொஞ்சம் கைதட்டல் கிடைத்தது. அவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். எல்வியோ மட்டும் வேலிக்கு முன்னால் நின்றான். ஒலிபெருக்கிக்காரன், "சட்டை" என்று தொடங்கிவைத்தான். பிறகு முழு மேடையும் சட்டை, சட்டை என்று கத்தியது. அவன் கழற்றவில்லை. திரும்பி வரவும் இல்லை. இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆட்டக்காரர்கள் உள்ளே போகும் வாசலில் பணிப்பாளர் நின்றார். முகம் சிவந்திருந்தது. "போய்க் கேள்," என்றார் என்னிடம். "கடைசியாச் சொல்லுறன். போய்க் கேள்."

கெர்ஸ்டன் ஊத்தை உடுப்புக் கூடையைத் தூக்கி என் கையில் தந்தார். "அவன் இன்னும் கழட்டேல்லை," என்றார். "போய்ப் பக்கத்திலை நில்லும்."

கூடையோடு அந்தப் புல்லுக்குள் நடந்தேன். சட்டை வாங்கத்தான் வருகிறேன் என்று நினைத்து மேடை ஆர்ப்பரித்தது. அவனுக்குப் பக்கத்தில் போய்க் கூடையைக் கீழே வைத்தேன். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனைப் போலவே இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்களுக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் எனக்கும் சேர்த்துச் சீட்டி அடித்தார்கள். என் தோளில் ஒரு பியர்க் குவளை விழுந்து வழிந்தது. எங்கிருந்து வந்தாயோ அங்கேயே போ என்று ஒருத்தன் கத்தினான். இஞ்சைதான் நிக்கிறன் என்று தமிழில் சொன்னேன்.

மழை தூறத் தொடங்கியது. நாங்கள் நின்றோம். மேல் வரிசைகளில் இருந்தவர்கள் முதலில் கலைந்தார்கள், அவர்களுக்கு ரயில் பிடிக்கவேண்டும். பிறகு பிள்ளைகளோடு வந்தவர்கள் போனார்கள். பாட்டு மெலிந்தது. ஒலிபெருக்கிக்காரனுக்குத் தொண்டை கட்டிவிட்டது, என்றாலும் விடாமல் கத்தினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கொடிகளைச் சுருட்டத் தொடங்கியதும் திரும்பித் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அவனும் வேலியிலிருந்து இறங்கி, எங்களைப் பாராமல் படியேறிப் போனான். அவர்கள்தான் முதலில் போனார்கள். நாங்கள் இல்லை.

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பணிப்பாளரைக் காணவில்லை, பிறகும் என்னை அவர் கூப்பிட்டு அனுப்பவில்லை. கெர்ஸ்டன் மட்டும் மழைக்கோட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

எல்வியோ வெறும் மேடையை இன்னும் ஒரு தடவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தான். பிறகு குனிந்து கூடையின் ஒரு பக்கத்துப் பிடியைப் பிடித்தான், மற்றதை எனக்கு விட்டான்.

"இப்ப உள்ளுக்குப் போவம், சிவா," என்றான். "குளிருது."